எச்செவெர்ரி வீட்டுப் பச்சைச் சட்டை

மெதெயின்,
17 பிப்ரவரி 2019

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழை பிடித்துக்கொண்டால் மடத்துப் படிகளில் ஏற முடியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

அப்பாவின் முதலாம் ஆண்டுப் பூசை நம் ஊர் சான் ப்ரூனோ கோவிலில் நன்றாக நடந்தது. முடிந்து வெளியே வந்ததும் யோவானி அண்ணன் என்னிடம் நேராக வந்தான். "ஏய் படிச்சவளே, உன்கிட்ட ஒரு வேலை இருக்கு" என்றான். அவன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை அத்தை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்றாலும், அவன் அப்பாவிடம் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஆகஸ்டில் எச்செவெர்ரி குடும்பக் கூடல் நடத்துகிறான். கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் ஒவ்வொருவர் வழிக்கும் ஒரு நிறம்: நம் தாத்தா வழிக்குப் பச்சை, மற்ற இரண்டு கிளைகளுக்கு நீலமும் மஞ்சளும். கல்யாணமாகி வந்தவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் வெள்ளை. எல்லோருக்கும் அந்தந்த நிறத்தில் சட்டை. அக்டோபரில் அவன் நகரசபைத் தேர்தலில் நிற்கிறான். "எதுத்து நிக்கிறவன் அப்பன் பேர் தெரியாம, அது வர வேண்டிய இடத்துலயும் அம்மா பேரையே ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டுத் திரியிறான். நாம யாருன்னு ஊருக்குக் காட்டணும்ல?" என்றான். நம் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று எச்சில் எடுத்துப் பரிசோதித்து, அதைப் பெரிய துணியில் படமாகப் போட வேண்டுமாம். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. மேடையேறி நான்தான் விளக்க வேண்டுமாம்! நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் "லிபார்தோ எச்செவெர்ரியின் மகள், இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள் இல்லையா? அதற்காகவே ஏறிவிடுவேன்.

நம் குடும்பப் பெயரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். இத்துடன் ஒரு சின்னக் குழாயும் வைத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் எச்சில் மட்டும் போதும்.

மதருக்கு என் வணக்கம்.

உங்கள்
நொரெலி

*

கன்னியர் மடம், அல்தோ பெலேன்,
3 மார்ச் 2019

பிரியமுள்ள நொரெலிக்கு,

ஆண்டவர் உன்னை அவர் கைக்குள் வைத்திருப்பாராக. தைலம் வந்தது. மதரும் பூசிக்கொண்டார், இப்போது சிற்றாலயம் முழுக்க அதே வாசனைதான்.

உன் குழாயைப் பார்த்து இங்கே ஒரே சிரிப்பு. கடிதங்களை மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார் என்பது உனக்குத் தெரியும். குழாயைத் தூக்கிப் பிடித்து, "கர்த்தரின் மணவாட்டி குப்பிக்குள்ள துப்பணுமாக்கும்?" என்றார். சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மடத்து ஒழுங்கு அதற்கு இடம் தராது, கண்ணே. திருப்பி அனுப்புகிறேன்.

பெயரைப் பற்றிக் கேட்டாய். எச்செவெர்ரி என்றால் ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மொழியில் புது வீடு என்று அர்த்தம் என்பார் தாத்தா. கப்பலில் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார்களாம். பெட்டியை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை கதை சொல்லும்போதும் பெட்டி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒன்று சொல்கிறேன். இதற்கு உன் பெரியப்பா மகன் ருபியெல் ஒருவனே போதும். மூத்தவர் பிள்ளை அவன். யோவானியைத் தொந்தரவு செய்யாதே, தேர்தல் அலைச்சலில் இருப்பான். நீயும் கொடுக்க வேண்டாம். பெயர் ஆண்வழியில்தானே இறங்குகிறது?

யோவானி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? பால் குடித்தால் இன்னும் வயிறு வலிக்கிறதா? கடையில் கம்பி மூட்டைகளை அவனே தூக்குகிறானா, ஆள் வைத்திருக்கிறானா? எழுது.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை. பதில் வராவிட்டால் கவலைப்படாதே.

இயேசுவில் உன் அத்தை,
சகோதரி கார்மேன் தெரேசா

*

மெதெயின்,
24 மார்ச் 2019

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்குள் மூன்று பேருடைய எச்சிலும் போய்விட்டது: ருபியெல், யோவானி, நான். ஆண்வழிக்கு ருபியெல் ஒருவன் போதும் என்பது சரிதான். ஆனால் மற்றக் கூறுகளையும் பார்த்தால் படம் நன்றாக இருக்கும்.

யோவானி இரும்புக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே துப்பினான். வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "எவ்ளோ நேரம் துப்புறது? வாய் காஞ்சு போச்சு" என்று கத்தினான். ருபியெல் லாரியிலிருந்து இறங்கி வந்து, "உனக்கு ஓட்டுப் போட மாட்டேன்னு சொன்னவனை நினைச்சுக்கோ, தானா ஊறும்" என்றான். உடனே குழாய் நிறைந்துவிட்டது.

யோவானிக்குப் பால் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. மூட்டை தூக்க ஆள் இருக்கிறது.

உங்கள்
நொரெலி

*

மெதெயின்,
12 மே 2019

அன்புள்ள அத்தைக்கு,

ஈஸ்டர் முடிந்து மூன்று வாரமாகிறது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

முடிவுகள் வந்துவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் எழுதுகிறேன்.

தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் கூறு ஒன்று உண்டு. குடும்பப் பெயர் இறங்குவது போலவே. அது ருபியெலுக்கு ஒன்றாகவும் யோவானிக்கு முற்றிலும் வேறாகவும் இருக்கிறது. குழாய் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் மற்ற கூறுகளைப் பார்த்தேன். கூடப்பிறந்தவர்கள் என்றால் பாதி ஒத்துப்போக வேண்டும். எனக்கும் யோவானிக்கும் எட்டில் ஒரு பங்குதான் ஒத்துப்போகிறது. எனக்கும் ருபியெலுக்கும் எட்டில் ஒன்று; பெரியப்பா மகன், அது சரி. யோவானிக்கும் ருபியெலுக்கும்கூட அதே எட்டில் ஒன்று. அப்படியானால் யோவானி நம் வீட்டு ரத்தம்தான். ஆனால் அப்பா வழியாகவும் வரவில்லை, பெரியப்பா வழியாகவும் வரவில்லை. அவர்களோடு கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இதை மதர் முதலில் படிப்பார் என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுத மனம் வரவில்லை. வெறும் பின்னக் கணக்கு. அவருக்கு என்ன புரியப்போகிறது.

நான் எதையும் கேட்கவில்லை. கோபமும் இல்லை. என்ன செய்யட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். யோவானி தினமும் போன் செய்கிறான். முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் வரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. துணியில் பாஸ்க் மலையையும் கப்பலையும் வரைந்து, ருபியெலுடைய முடிவை மட்டும் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

இன்று அன்னையர் தினம். தெருவெல்லாம் பூ விற்கிறார்கள். அம்மா கல்லறைக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

என்றும் உங்கள்
நொரெலி

*

கன்னியர் மடம், அல்தோ பெலேன்,
2 ஜூன் 2019

நொரெலிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் சுகம்.

கருவிகள் மனிதர் செய்தவை. அவை தவறும். தேவையில்லாததைத் தோண்டுவதும் ஒருவகை ஆணவம்தான் என்று மதர் சொல்லச் சொன்னார்.

இதைப் பற்றி யோவானிக்கு என் கடமையாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கூடலன்று அவன் சொல்கிறபடி நட. அவன் கொடுப்பதை உடுத்திக்கொள். அமைதியாக இரு. இனி இந்த விஷயமாக எனக்கு எழுத வேண்டாம்.

உனக்காக ஜெபிக்கிறேன்.

சகோதரி கார்மேன் தெரேசா

*

மெதெயின்,
16 ஜூன் 2019

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். எழுத வேண்டாம் என்றீர்கள், மன்னியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். யோவானிக்கு என்ன எழுதினீர்கள்? அவன் போன் செய்வதை நிறுத்திவிட்டான். நான் செய்தால் அண்ணி எடுத்து, "குளிக்கிறாரு" என்கிறாள். எப்போது செய்தாலும் குளித்துக்கொண்டே இருக்கிறான்.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அதனால்தான் உடைந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். பாவம். என்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கலாம். அவன் எனக்கு எப்போதும் அண்ணன்தான் என்று நீங்களாவது அவனுக்கு எழுதுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

மேடையில் பேச வேண்டியதை எழுதிக் கண்ணாடி முன் பேசிப் பார்க்கிறேன். பக்கத்து அறைப் பெண், "யாருகிட்டடி காதலைச் சொல்லப் போற?" என்று கதவைத் தட்டுகிறாள். ருபியெல் சட்டை அளவு கேட்டான். பச்சையில் மீடியம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
நொரெலி

*

மெதெயின்,
21 ஆகஸ்ட் 2019

அத்தைக்கு,

கூடல் முடிந்தது. நீங்கள் விசாரிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். பெரிய பானைகளில் சங்கோச்சோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நுழைவாயிலில் மேசை போட்டு யோவானியின் மனைவி மார்த்தா சட்டை கொடுத்தாள். என் முறை வந்தபோது முகத்தைப் பார்க்காமலே வெள்ளையை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, இது வெள்ளை."

"உன் அளவுக்கு அதுதான் இருக்கு."

"பச்சைல மீடியம் அங்க அடுக்கியிருக்கே."

"உங்க அண்ணன்கிட்டக் கேட்டுக்கோ நொரெலி. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

எனக்குப் பின்னால் நின்ற மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், "என்னம்மா, நம்ம வீட்டுப் பையன் எவனையோ கட்டிக்கிட்டியா? சொல்லவே இல்லையே!" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அது ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மேடையில் குடும்ப மரம் வரைந்த துணி தொங்கியது. அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு கிளை. அதில் யோவானி. அவன் மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பச்சைச் சட்டை அவனுக்கு நன்றாக இருந்தது.

"அண்ணா, என் பேரு விட்டுப்போச்சு" என்றேன்.

"விட்டுப்போகல" என்றான். பிறகு, அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது போல, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு, யாரும் உன்னை வெளிய போகச் சொல்லல. நீ எங்க வீட்டுல வளர்ந்த பொண்ணு. இரு, சாப்பிடு. மேடை மட்டும் வேணாம். அத்தை எல்லாத்தையும் எழுதிட்டாங்க."

சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தான். மடத்து முத்திரை. உங்கள் சாய்ந்த கையெழுத்து. விரலை வைத்து ஒரு இடத்தை மட்டும் காட்டினான்: 'நொரெலி என் அண்ணன் பெற்ற பிள்ளை அல்ல. ஆற்றோரத்தில் யாரோ விட்டுப்போன குழந்தையை அண்ணி இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தாள்.'

"பரிசோதனை முடிவை நீ ஏன் மறைச்சேன்னு இப்பத்தானே புரியுது" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பக்குவமாப் பார்த்திருப்பேன்ல?"

நான் மறைத்தது உங்களுக்காக, அத்தை. முடிவுத் தாள்கள் என் தோள்பைக்குள்தான் இருந்தன. கை உள்ளே போய் அவற்றைப் பிடித்தும்விட்டது. பிரித்தால் ஊர் முழுக்க நிற்கும் இடத்தில் உங்கள் பெயர்தான் வெளியே வரும். கையை வெறுமையாகவே வெளியே எடுத்தேன்.

வெளியே வரும்போது ருபியெல் மறித்தான். "ஏய், உன் பச்சை எங்க?" கையிலிருந்த வெள்ளைச் சட்டையைக் காட்டினேன். அவன் தன் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்று, "இந்தா, இதைப் போட்டுக்கோ. என் தொப்பைக்கு எந்த நிறமும் பத்தல" என்றான். வேண்டாம் என்றேன். எனக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நீலக்கிளைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் இன்னும் கல்லூரியையே முடிக்கவில்லை.

எனக்கு நீங்கள் பதில் எழுதியிருக்கவே வேண்டாம். முடியாது, சொல்ல மாட்டேன் என்றிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். நான் உங்களிடம் கொடுத்த மௌனத்தையே எடுத்து எனக்கு எதிராகச் சாட்சி ஆக்கிவிட்டீர்கள். அப்பா என் பட்டமளிப்பில் அழுததை நான் யாருடைய அப்பா அழுததாக நினைத்துக்கொள்ள வேண்டும்?

நொரெலி

*

கன்னியர் மடம், அல்தோ பெலேன்,
1 செப்டம்பர் 2019

செல்வி நொரெலிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சகோதரி கார்மேன் தெரேசா தியானத்தில் இருப்பதால் பதில் எழுத இயலாது. உடல்நலத்துக்குக் குறைவில்லை. இங்கே வேலையாக வந்த உங்கள் உறவினர் திரு. ருபியெல் வசம், சகோதரி தம் கையால் செய்த மெல்லிய ரொட்டி ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார். வருகையாளர்களுக்கான நேரம் ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை.

இறைவன் ஆசீர்வதிப்பாராக.

மடத்தலைவி

*

நொரெலி,

இதை மதர் படிக்கவில்லை. ரொட்டிக்கும் டப்பாவின் அடித்தாளுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பாய் என்று தெரியும். நீ சின்ன வயதிலேயே எதையும் அடிவரை பார்ப்பவள்.

உன் கணக்கு சரி. யோவானி என் பிள்ளை. எனக்குப் பத்தொன்பது வயது. சாலை அளக்க வந்தவன் சாலை முடிவதற்குள் போய்விட்டான். உன் அப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "எம் பேருல எழுதிக்கோங்க" என்றான். உன் அம்மா கையை நீட்டினாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவனுக்கு ஞானஸ்நானம் ஆன மறு வாரம் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவன் வளர்ந்த பிறகு எனக்கு அவன் கடிதத்தில் வருகிற பெயர் மட்டும்தான்.

மதருக்குப் புரியாது என்று எழுதினாய். புரிந்தது. உன் மே மாதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன அர்த்தம், சகோதரி?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்தச் சுவருக்குள் இருக்கிறேன். வெளியே எனக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: அந்தப் பெண்தான் எடுத்து வளர்த்த பிள்ளை, அதனால்தான் ஒத்துப்போகவில்லை. "அப்படியானால் அதை அவள் அண்ணனுக்கு எழுதுங்கள்" என்றார். அவர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் யோசித்துப் பார். உனக்குப் படிப்பு இருக்கிறது. வேலை இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் நிமிர்ந்து நிற்பாய். அவனுக்கு என்ன இருக்கிறது? கடைப் பலகையில் அந்தப் பெயர், தேர்தல் சுவரொட்டியில் அந்தப் பெயர், அவ்வளவுதான். அதைப் பிடுங்கினால் விழுந்துவிடுவான். நீ விழ மாட்டாய். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைத்தான் உன்னிடம் கேட்டிருப்பான்.

இதை எரித்துவிடு. அவனிடம் எப்போதும் சொல்லாதே. ஒரு தாயாக, மடத்துக்கு வரும் முன் இருந்த பெயரில் கேட்கிறேன்.

ஃபபியோலா

*

மெதெயின்,
15 செப்டம்பர் 2019

மதிப்பிற்குரிய சகோதரி கார்மேன் தெரேசாவுக்கும், இதை முதலில் படிக்கும் மதர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் குணமடைந்திருக்கும் என்று நம்புகிறேன். ரொட்டி மிக நன்றாக இருந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். டப்பாவை அடிவரை காலி செய்தேன். அதில் எதையும் எரிக்கவில்லை, எதையும் எறியவில்லை.

அப்பா என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று நெடுநேரம் யோசித்தேன். அவர் தன் பெயரைக் கேட்டவருக்குக் கொடுத்தவர். அதற்காக ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வீட்டில் அது இரண்டு பேருக்கும் போதுமானதாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு சான் ப்ரூனோவுக்குப் போனேன். யோவானி கடையில் சுவரொட்டிகளுக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "அத்தை உனக்கு எழுதின கடிதத்துல ஒண்ணு விட்டுப்போச்சாம். நேர்லதான் சொல்லுவாங்களாம்" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவன் தேர்தலுக்கு ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டான். "அவங்களை நேர்ல பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! சின்னப் பையனா இருக்கப்போ மடத்துக்குப் போனா, கம்பி வழியா என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டாங்க தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. என்னிடம் நீங்கள் அப்படிச் செய்ததில்லை.

அவன் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறான். ருபியெல் லாரியில் கூட்டிவருவான். மதர், தயவுசெய்து அவனையும் அத்தையையும் தனியாகப் பேச விடுங்கள். மறுநாள் திங்கள் காலை நான் அவனுக்குப் போன் செய்து, "அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், முடிவுத் தாள்களோடு அன்றே கிளம்பி அவன் கடைக்குப் போவேன். யாருக்கும் புரியும்படி எளிமையாக எழுதி வைத்திருக்கிறேன். சபையில் பேசத்தான் எனக்குக் கூச்சம். ஒருவனிடம் பேச வராமல் போகாது.

ஆனால் அவன் அதை என் வாயால் கேட்கக் கூடாது அத்தை. அவன் யார் பிள்ளை என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். நான் யார் பிள்ளை என்றும் நீங்களேதான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஜெபத்தைச் சொல்லி அவனை அனுப்பிவிடாதீர்கள்.

லிபார்தோ எச்செவெர்ரியின் மகள்,
நொரெலி